எல்லாரும் கை தூக்கிய விதி

ஒவ்வொரு ஜூன் மாதமும் வகுப்பு விதிகளைப் படித்துக் காட்டுவது எனக்கு அலுத்துவிட்டது. செல்போன் கூடாது, தாமதமாக வரக்கூடாது, பின் பெஞ்சில் தூங்கக்கூடாது. பதினாறு வருடமாக அதே தாள். அதைவிட அலுப்பு, விதியை மீறியவர்கள் சொல்லும் காரணங்கள். ஒரே மாணவனின் தாத்தா மூன்று முறை செத்திருக்கிறார்.

அதனால் இந்த வருடம் பி.காம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் தலையிலேயே கட்டிவிட்டேன். "நீங்களே ரூல்ஸ் போடுங்க. எல்லாருக்கும் சம்மதம்னா எனக்கும் சம்மதம்."

செமினார் தேதிக்குத்தான் வருடா வருடம் சண்டை வரும். பழவேற்காடு பக்கத்துக் குப்பத்திலிருந்து பொன்னேரிக்குப் படிக்க வரும் லோகேஷ் எழுந்தான்.

"ஏரியில பாடு வுடற மாதிரி செஞ்சுடலாம் மேடம். சீட்டுப் போட்டு எடுப்போம். எவனுக்கு எந்த நாள் வருதோ அன்னிக்கு அவன் வலை போடணும். வரலன்னா போச்சு. காரணமே கேக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கே நான் விழுந்துவிட்டேன். சம்மதமா என்று கேட்டதும் நாற்பத்திரண்டு கைகளும் உயர்ந்தன. 'காரணம் கேட்கப்படாது' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை, அதே ஏரிப் பக்கத்திலிருந்து வரும் அர்ச்சனாவின் முறை. அவள் வரவில்லை. செமினாருக்குப் பத்து மதிப்பெண். அந்தப் பத்து இல்லாவிட்டால் அவள் இன்டர்னலில் தேறமாட்டாள், பரீட்சைக்கும் உட்கார முடியாது.

மறுநாள் காலை ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். கையில் நான்கு தாள்கள்.

"ரூல் தெரியும்ல?" என்றேன்.

"தெரியும் மேடம். எழுதுனது வீணாப் போவக் கூடாதுன்னு குடுக்க வந்தேன்."

விரல்கள் ஊறி வெளுத்து, நகத்தோரம் கீறல்களாக இருந்தன. என் விதியை நானே மீறினேன். "நேத்து எங்க போன?"

"ஏரிக்கு. அம்மாவுக்குக் கால்ல சிப்பி கிழிச்சிடுச்சு. எறா புடிக்க வேற ஆளு இல்ல."

"யாருகூடயாவது நாளை மாத்தியிருக்கலாமே? பாடு முறையில அதெல்லாம் உண்டா இல்லையா?"

"எங்களுக்குத் தெரியாது மேடம். பாடு வலைக்காரங்களுக்கு. நாங்க கையால தடவிப் புடிக்கறவங்க. அவங்க பேசற எடத்துல நாங்க போய் ஒக்காந்ததில்ல."

"அப்போ அன்னிக்கு ஏன் கை தூக்கின?"

"எல்லாரும் தூக்குனாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் சுமையை இறக்கி வைத்ததாக நினைத்தேன். அது இவள் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அர்ச்சனாவுக்கு இன்னொரு நாள் கொடுக்கலாமா என்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். லோகேஷ் கோபப்படாமல்தான் சொன்னான். "ரூல் ரூல்தான் மேடம். எங்க சித்தப்பாவுக்கே ரெண்டு பாடு போயிருக்கு. காச்சல்ல படுத்துக் கெடந்தாரு, யாரும் கேக்கல."

அவன் சொல்வதிலும் தப்பில்லை. வாதாட எனக்குத் தெம்பும் இல்லை. "மத்தியானச் சாப்பாட்டு நேரம் யாரோட முறையும் இல்ல, என்னோடது. அர்ச்சனா அப்போ பேசட்டும், மார்க் போடறேன். இஷ்டம் இருக்கறவங்க இருங்க," என்றேன்.

ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். லோகேஷ் டிபன் பாக்ஸோடு வாசற்படியில் நின்றான், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல். சீட்டில் தேதியோடு அவளுக்கு வந்த தலைப்பு, 'ஒப்பந்தச் சட்டத்தில் சம்மதம்'. அதை எழுதிப் போட்டதும் நான்தான்.

அர்ச்சனா தாளைப் பார்த்தே படித்தாள். "பயமுறுத்தி வாங்குன சம்மதம் சம்மதம் ஆகாது. ஒருத்தர் பேசாம இருந்தார்ங்கறதும் சம்மதம் ஆகாது." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இதுக்கு உதாரணம் கெடைக்கல மேடம்."

லோகேஷ் டிபன் பாக்ஸை மூடி உள்ளே வந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"பரவாயில்ல, மேல படி," என்றேன்.

சாயங்காலம் சுவரில் இருந்த தாளைக் கிழித்து எடுத்தேன். இனிமேல் நாற்பத்திரண்டு பேரின் காரணங்களையும் கேட்க வேண்டும். நினைத்தாலே அசதியாக இருந்தது. செத்த தாத்தாக்களும் மறுபடி வரிசையில் வந்து நிற்பார்கள். நிற்கட்டும், கேட்டுத்தான் ஆக வேண்டும்.