வரப்பில் கால்தடம்

வில்லியனூரிலிருந்து வரும் முதல் பஸ் இன்னும் ஒதியம்பட்டைத் தாண்டவில்லை. குழந்தைவேல் தன் வயல் வரப்பில் குந்தி ஒரு கால்தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்னக் கால். பொம்பளைக் கால். பக்கத்து வயல்காரன் தனிஸ்லாஸின் பக்கமிருந்து வந்து, மடைவரைக்கும் போய், வந்த வழியே திரும்பியிருந்தது. மடை ஓரத்தில் யாரோ முட்டி போட்ட பள்ளம். நேற்றும் இதே பள்ளம் இருந்தது.

வயல் நடுவில் பயிர் வட்ட வட்டமாகக் கருகிக் கிடந்தது. புகையான். தூரைப் பிரித்தால் பொடிப் பூச்சி அப்பிக்கொண்டிருந்தது. போன வருஷமும் இதே பூச்சியால் பாதி வயல் பதராகிவிட்டது. இந்த வருஷமும் போனால் வீட்டுக்குச் சோற்று நெல் இல்லை.

பூச்சி தானாக வரவில்லை என்றுதான் அவனுக்குத் தோன்றியது. தனிஸ்லாஸுக்கும் அவனுக்கும் ஆவணியிலிருந்து பேச்சு இல்லை.

தனிஸ்லாஸ் தவளை ஏஜென்ட். ராத்திரியில் அவன் ஆட்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயல் வயலாக இறங்கித் தவளை பிடிப்பார்கள். கோணி கோணியாக அவன் வீட்டுக் கொல்லைக்கு வரும். விடிந்ததும் கால்களை மட்டும் வெட்டி, ஐஸ் பெட்டியில் போட்டு, கடலூர் ரோட்டில் நிற்கும் லாரிக்குக் கொண்டுபோவான். கப்பலேறி வெள்ளைக்காரன் சாப்பாட்டுக்குப் போகிறது என்றார்கள். “பிரெஞ்சுக்காரன் ஊர வுட்டுப் போனான். நம்ம தவளைய வுடல பாரு” என்று டீக்கடையில் சிரித்தார்கள். முதல் இரண்டு வருஷம் குழந்தைவேலும் சேர்ந்துதான் சிரித்தான். தவளை போனால் பாம்பும் போகும் என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஆவணியில் அந்த ஆட்கள் வரப்பை மிதித்து உடைத்தார்கள். தண்ணீர் வடிந்து நாற்று காய்ந்தது. நடுத்தெருவில் நின்று குழந்தைவேல் கத்தினான். “இனிமே என் வயல்ல எவன் கால வச்சாலும் கால வெட்டிடுவேன்.”

“தவள கால நான் வெட்டுறேன். என் கால நீ வெட்டுவியா?” என்றான் தனிஸ்லாஸ். ஊர் சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு அவன் ஆட்கள் யாரும் இந்த வயலில் இறங்கவில்லை.

இப்போது அந்தப் பக்கமிருந்து ஒரு கால் வருகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அமுதம் முறத்தைக் கீழே வைத்தாள். “செய்வினைதான். அமாவாசைக்கு அப்புறந்தான பயிரு கருகுச்சு?”

“வேதக்காரங்க செய்வினை வைப்பாங்களாடி?”

“அவங்க எதுக்கு வைக்கணும்? காசு வாங்கிகினு வச்சுக் குடுக்கிறவன் வேதமா பாக்குறான்? ஆளப் புடிச்சு மாரியாத்தா கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லு.”

“அந்த வூட்டுப் பொம்பளைங்க மாதா கோயில்ல மெழுவத்தி ஏத்துறவங்க.”

“அப்ப மெழுவத்திய அணைக்கச் சொல்லு. நெருப்பு நெருப்புதான?”

அன்று சாயங்காலம் மடை ஓரத்தை வெட்டிப் பார்த்தான். தகடு இல்லை. முடிக்கற்றை இல்லை. குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் இல்லை. ஒன்றும் கிடைக்காததால் சந்தேகம் இன்னும் கெட்டியானது. அப்படியானால் தண்ணீரில்தான் எதையோ கலக்குகிறார்கள்.

மறுநாள் பூச்சி மருந்து டப்பாவையும் இரவல் வாங்கிய ஸ்பிரேயரையும் எடுத்துக்கொண்டு, வெளுக்குமுன்பே பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றான்.

அவள் வந்தாள். தனிஸ்லாஸின் மனைவி செலின் மேரி. இடுப்பில் குடம். குடத்தின் வாயில் துணி கட்டியிருந்தது. மடையண்டை முட்டி போட்டு முடிச்சை அவிழ்த்தாள்.

“இன்னா ஊத்துற?”

அவள் குடத்தை அணைத்துக்கொண்டாள். அவன் பிடித்து இழுத்தான். குடம் சாய்ந்தது. ஏதோ குளிர்ச்சியாக அவன் பாதத்தில் விழுந்து, எம்பி, பயிருக்குள் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டம்.

“தவளையா?”

“கத்தாதீங்கண்ணே. அவரு எழுந்திருக்கிற நேரம்.”

“மந்திரிச்சு வுடறியா?”

“மந்திரிக்கிறதுக்கு எனக்கு நேரமேது? கோணிய அவுத்து, கைக்கு வந்தத அள்ளிப் போட்டுகினு ஓடியாரேன்.”

“என் வயல்ல எதுக்கு? அதச் சொல்லு.”

செலின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “தவள இருந்தவரைக்கும் இந்தப் பூச்சி பேரக் கேட்டிருக்கமா அண்ணே? எங்க வயலையும் பாருங்க, ஒங்களத விட மோசம்.”

“அப்ப ஒன் வயல்ல வுடு.”

“வுட்டேன். அன்னிக்கு ராத்திரியே புடிச்சு அதே கோணியில போட்டாங்க. அவரு ஆளுங்க எறங்காத வயலு ஊர்லயே ஒங்களுதுதான். கால வெட்டுவேன்னு நீங்கதான சொன்னீங்க?”

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்தவன் வயலுக்கு நல்லது செய்ய விடியுமுன் எழுந்து வருகிறவளை அவன் பார்த்ததில்லை. “புருசன் பொழப்பக் கெடுத்து எனக்கு நல்லது பண்ற. இத நம்பணுமா?”

“நம்பாதீங்க.” குரல் இறங்கியது. “கால வெட்டிப் போட்ட மீதித் தவள ஒடனே சாவறதில்லண்ணே. முன்கால ஊணிகினு நவுருது. கொல்லையப் பெருக்கப் போனா தொடப்பத்துக்கு முன்னால நவுருது. ஞாயித்துக்கெழம பூசையில கண்ண மூடினாலும் அதான் நவுருது.”

அவள் கண் மருந்து டப்பாவில் விழுந்தது.

“அத அடிச்சா பூச்சியோட இதுங்களும் செத்துடும்.”

“அடிக்கலன்னா பயிரு செத்துடும்.”

“போன வருசம் அடிச்சீங்களே. பொழச்சுதா?”

வெற்றுக் குடத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டடி போய்த் திரும்பினாள். “அவருகிட்ட சொல்லிடாதீங்க. கணக்குல ஒரு கோணி கொறஞ்சதுக்கே ரெண்டு ஆளுங்கள அடிச்சாரு. நாந்தான்னு தெரிஞ்சா என்ன எங்க அண்ணன் வூட்டுக்கு அனுப்பிடுவாரு. புள்ளைங்கள அனுப்ப மாட்டாரு.”

அவள் போன பிறகு குழந்தைவேல் மடையில் இறங்கி ஒரு தவளையைப் பிடித்தான். புரட்டினான். காலில் நூல் கட்டியிருக்கிறதா, வாயில் ஏதாவது வைத்திருக்கிறதா என்று பார்த்தான். அது அவன் கையில் மூத்திரம் பெய்துவிட்டுத் தாவியது.

டப்பாவைத் திறக்கவில்லை. புகையானுக்குச் செய்வதுபோல் வயல் தண்ணீரை மட்டும் வடிய விட்டான். வடியும்போது மடையோரம் ஒரு பள்ளம் தோண்டி அதில் தண்ணீரை நிறுத்தினான். கோரையை அறுக்க வந்த கூலிக்காரியிடம், “அந்த மூலைய வுட்டுடு” என்றான். ஏன் என்று அவள் கேட்டதற்கு வேறு மூலையைக் காட்டினான்.

“யாரு அந்தக் கால்காரி?” என்று கேட்டாள் அமுதம்.

“ஆளு இல்ல. நாய்க் காலு.”

“நாய் முட்டி போடுமா?” என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் மருந்து டப்பா பிரிக்காமலே பரணில் இருப்பதைத் தினமும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

வட்டங்கள் பச்சையாகவில்லை. பெரிதாகவும் இல்லை. தண்ணீர் வடித்ததாலா, மடையில் விட்டவற்றாலா, அவனுக்குத் தெரியவில்லை. தூரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். பூச்சி இருந்தது, முன்போல் அப்பிக்கொண்டு இல்லை. தினமும் காலையில் வரப்புக்குப் போனதும் முதலில் கால்தடத்தைத் தேடுவான். இருந்தால் மண்வெட்டியால் இழுத்து மெழுகிவிடுவான்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் மழை பிடித்தது. ராவெல்லாம் பெய்தது. அப்படி மழை பெய்தால் ஒரு காலத்தில் ஊர் தூங்க முடியாது, நாலு பக்கமும் தவளை கத்தும். இந்த மழைக்கு மூன்று பக்கமும் சத்தமில்லை. அவன் வயல் இருந்த ஒரே ஒரு திக்கிலிருந்து மட்டும் கத்தியது. விடியவிடியக் கத்தியது. பாயில் படுத்திருந்த குழந்தைவேல், நிறுத்துங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

காலையில் அவன் வயலுக்குப் போனபோது தனிஸ்லாஸ் முன்பே வந்து நின்றிருந்தான். வரப்பின் மேல் ஏறாமல், தன் பக்கத்துச் சேற்றில் நின்றான். பின்னால், ரோட்டோரமாக, ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிள்.

“பயிரு தேறிடுச்சு போல?” மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு.

“ஏதோ.”

“ஒரு மருந்தும் அடிக்கலியாமே?”

“யாரு சொன்னா?”

“வூட்டுக்கு வூடு வாய் இருக்குதுண்ணே.”

இருவருக்கும் நடுவே, வரப்பின் ஈரத்தில், ஒரு சின்னக் கால்தடம் புதிதாகப் பதிந்திருந்தது. மழை விட்ட பிறகு பதிந்தது. குழந்தைவேல் ஓரடி முன்னால் வந்து அதன்மேல் தன் காலை வைத்து நின்றான்.

தனிஸ்லாஸ் குனிந்து அந்தக் காலைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து தன் வீட்டைப் பார்த்தான். கொல்லையில் செலின் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். பெருக்கவில்லை.

மடைப் பள்ளத்தில் ஒன்று கத்தியது. இன்னொன்று அதற்குப் பதில் கத்தியது.

“என் கோணி கொறஞ்சுகினே வருது. சுத்துப்பட்டு வயலெல்லாம் ஊமையா கெடக்குது” என்றான் தனிஸ்லாஸ். “ஒங்க வயல்ல மட்டும் எப்படிண்ணே கத்துது?”