கஸ்தோன் திரும்பி வரும் காட்சி

மதாம் மாலவால் செத்துப்போன செய்தியைப் பாரிஸ் பேப்பர் ஒன்று நாலே வரியில் போட்டிருந்தது. அதில் பாதி அவள் புருஷனைப் பற்றி. படமெல்லாம் எடுத்தது அவராம், இந்த அம்மாள் கூடமாட நின்று உதவினாளாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷருக்குக் கேமராவில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே தெரியாது. இருபது வருஷம் அவளிடம் சாத்தான் வேஷம் போட்ட எனக்குத் தெரியாததா?

பாரிஸின் பெல்வில் மேட்டில், கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகையில், ஆம்பிளை பூட்ஸ் மாட்டிக்கொண்டு எங்களை விரட்டி விரட்டி வேலை வாங்கினாள் அவள். ஆளை மறைய வைக்கும் வித்தையை மற்றவர்களும் செய்தார்கள். ஜனங்கள் கைதட்டிச் சிரிப்பார்கள், அதோடு சரி. இவள் அங்கே நிறுத்த மாட்டாள். ஆள் மறைந்த பிறகு அந்தக் காலி நாற்காலியை விடாமல் காட்டிக்கொண்டே இருப்பாள். சிரித்துக்கொண்டிருந்தவன் மெல்ல வாயை மூடுவான். இன்றைக்குப் படம் எடுக்கிற பையன்கள் எல்லாருமே வெறும் நாற்காலியைக் காட்டி நம்மைக் கலங்கடிக்கிறார்கள். யாரிடமிருந்து வந்தது என்று ஒருத்தனுக்கும் தெரியாது.

அந்த முதல் நாற்காலியில் உட்கார்ந்தவன் கஸ்தோன். எங்கள் கட்டடத்தில் எனக்குக் கீழ்வீட்டில் இருந்த ஃபிலோமேனின் பிள்ளை. அவள் சலவைக்கூடத்தில் துணி துவைப்பவள், புருஷன் இல்லை. பையனுக்கு ஐந்து வயது, கன்னம் இரண்டும் பன் மாதிரி இருக்கும். நான்தான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மதாமிடம் போனேன்.

கதை சின்னதுதான். பையன் கதவைத் திறந்துகொண்டு வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ஜாம் தடவிய ரொட்டி தின்கிறான். சாத்தான் வந்து கறுப்புத் துணியைப் போட்டு மூடுகிறான். துணியை இழுத்தால் நாற்காலி காலி. அம்மா அழுகிறாள், மாதாவை வேண்டுகிறாள். கடைசியில் பிள்ளை ஓடி வந்து அவள் மடியில் விழுகிறான்.

துணி விழுந்ததும் கேமராவை நிறுத்துவோம். எல்லாரும் அப்படியே அசையாமல் நிற்க, பையனைத் தூக்கி அப்பால் விட்டுவிட்டு மறுபடி ஓட்டுவோம். அவ்வளவுதான் சூட்சுமம். அன்றைக்கு அதுவரை எடுத்துவிட்டோம். பிறகு மேகம் மூடிக்கொண்டது. வெயில் இல்லாமல் அந்தக் காலத்தில் படம் ஏது? வெயில் திரும்பியபோது கஸ்தோன் தொண்டை அடைப்பானில் படுத்திருந்தான். எங்கள் கொட்டகைத் தச்சனின் மகனுக்கு அதே மாதிரிச் சட்டை போட்டு, முதுகு மட்டும் தெரியும்படி ஓடவிட்டு முடிவை எடுத்தோம். அந்த வாரமே கஸ்தோன் போய்விட்டான்.

படம் நாடெங்கும் விலைபோயிற்று. சந்தைகளில் படம் காட்டும் கொட்டகைக்காரர்கள் வாங்கி வாங்கி ஓட்டினார்கள். ஒரே நேரத்தில் எத்தனையோ ஊர்களில் நான் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். நான் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போதும் எங்கோ ஒரு கூடாரத்தில் தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். இதை நினைத்தால் கரண்டி கையிலேயே நிற்கும்.

ஃபிலோமேனிடம் பிள்ளையின் ஃபோட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கல்லறைத் திருநாளன்று ஊரே சாமந்திப்பூவைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனது. அவள் சந்தைக் கொட்டகைக்குப் போனாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட விடவில்லை. கொட்டகைக்காரன் முடிவை வெட்டி எறிந்திருந்தான். பையன் மறைந்ததுமே கைதட்டல் வந்துவிடுகிறதே, மிச்சம் எதற்கு என்று. ஆக, ஒவ்வொரு ஞாயிறும் நான் அவள் பிள்ளையைக் கொண்டுபோனேன். ஒரு தடவைகூடத் திருப்பித் தரவில்லை.

படிக்கட்டில் என்னைப் பார்த்தால் சுவரோடு ஒட்டி நிற்பாள்.

"பிள்ளை பிடிக்கிறவனே! வயிறு நிறைஞ்சுதா?"

"ஃபிலோமேன், அது வேஷம். என் முகத்தைப் பாரு. இது பர்னபே."

"அந்த முகத்தைத்தான் வாராவாரம் பாக்குறேனே. பல்லை இளிச்சுக்கிட்டுத் துணியை உருவுற. கொஞ்சமாவது தயங்குறியா நீ?"

தயங்கக் கூடாது என்று மதாம் சொல்லியிருந்தாள், நான் தயங்கவில்லை.

ஒரு நாள் அவளே என் கதவைத் தட்டினாள். குரலே மாறியிருந்தது.

"பர்னபே அண்ணே, படத்துல இன்னும் பாக்கி இருக்காமே? பையன் திரும்பி வந்துடுவானாமே? கொட்டகைக்காரன் சொன்னான், அவன்தான் வெட்டிட்டானாம். உங்க மதாம்கிட்ட முழுசா இருக்கும்ல? ஒரே ஒரு தடவை காட்டச் சொல்லு. அவன் வர்றதைப் பாத்துட்டேன்னா அப்புறம் ஒருத்தரையும் தொந்தரவு பண்ண மாட்டேன்."

படம் துண்டு துண்டாக, வேறு வேறு நாளில் எடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. எல்லாம் அந்த ஒரு காலையில் நடந்தது என்றே நம்பியிருந்தாள். வாயைத் திறந்து சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மதாமிடம் போய் நின்றேன்.

"சொல்லிடலாம் மதாம். முடிவு கெட்டுப்போச்சு, இல்லன்னு சொல்லிடலாம்."

"பொய்யா?"

"நம்ம தொழிலே அதுதானே?"

"வாயை மூடு. காசு குடுத்து ஏமாற வர்றவனுக்குத்தான் நான் பொய் காட்டுறேன். அவளைக் கூட்டிட்டு வா."

"அது தச்சன் பையன் மதாம். பெத்தவளுக்குத் தெரியாதா?"

மதாமின் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானம். ஜன்னல்களில் கறுப்புத் திரை போட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தோம். ஃபிலோமேன் பூசைக்குப் போகிற தொப்பியோடு வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பின்னால், இருட்டோடு இருட்டாக நின்றேன். படம் காட்டும் மெஷினின் கைப்பிடியை மதாமே சுற்றினாள்.

கஸ்தோன் வந்தான். தின்றான். நான் துணியைப் போட்டேன், இழுத்தேன். காலி நாற்காலி. ஃபிலோமேன் அசையவில்லை. கடைசியில் அந்தப் பையன் ஓடி வந்து படத்து அம்மாவின் மடியில் விழுந்தான். முதுகு, சுருட்டை முடி, அதே சட்டை.

"இது யாரோட பிள்ளை?"

சத்தமே போடவில்லை அவள். சும்மா கேட்டாள்.

"தச்சனோடது" என்றாள் மதாம். "உன் பிள்ளை அன்னைக்குக் காய்ச்சல்ல கிடந்தான். அவன் திரும்பி வர்ற காட்சியை நாங்க எடுக்கவே இல்லம்மா."

ஃபிலோமேன் எழுந்திருக்கக்கூட இல்லை. மதாம் கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

தச்சன் மகன் மடியிலிருந்து பின்புறமாக ஓடிப்போனான். காலி நாற்காலி நெடுநேரம் நின்றது. நான் வந்தேன். காலி நாற்காலிமேல் துணியைப் போர்த்தினேன். அதே இளிப்போடு எடுத்தேன். கஸ்தோன் உட்கார்ந்திருந்தான்.

ஃபிலோமேன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் ரொட்டியை வாயிலிருந்து எடுக்க எடுக்க அது முழுசாகிக்கொண்டே வந்தது. கடித்த இடமே இல்லை. கன்னத்து ஜாம் காணாமல் போயிற்று. நாற்காலியிலிருந்து இறங்கி, முன்பெஞ்சில் இருந்த அம்மாவைப் பார்த்தபடி, பின்னால் பின்னால் கதவை நோக்கி நடந்தான்.

"நிறுத்துங்க! அங்கயே நிறுத்துங்க மதாம்!"

"முடியாதும்மா. விளக்குச் சூடு, நின்னா ஃபிலிம் எரிஞ்சுடும்."

"ஒரே ஒரு நிமிஷம்! என்னைப் பாக்குறான், தெரியலையா உங்களுக்கு? நிறுத்துங்க!"

யார் கெஞ்சினாலும் மனசு இறங்காத மதாம் கையை எடுத்துவிட்டாள்.

கஸ்தோன் நின்றான். வாசலுக்கு முன்னால், சிரித்த முகத்தோடு, அசையாமல். அவன் அம்மாவைத்தான் பார்த்தான். அன்று கேமரா பக்கத்தில் நின்று அவனைச் சிரிக்க வைத்தவன் நான்தான் என்று தெரிந்தும் சொல்கிறேன், அம்மாவைத்தான் பார்த்தான். ஃபிலோமேன் பெஞ்சைத் தாண்டிப் போய் வெள்ளைத் துணிமேல் கை வைத்தாள்.

அவன் தோளருகே பழுப்பாக ஒரு புள்ளி வந்தது. கொப்புளம் மாதிரி பொங்கியது. கழுத்துப் பக்கம் ஏறியது.

"ஐயோ, சுத்துங்க!" அவள் அலறினாள். "சுத்துங்க மதாம், என் பிள்ளை எரியுறான், அனுப்பிடுங்க, அனுப்பிடுங்க!"

மதாம் பாய்ந்து சுற்றினாள். புள்ளி போய்விட்டது. கஸ்தோன் சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டினான். கதவை அவனே இழுத்துச் சாத்திக்கொண்டான்.

ஃபிலோமேன் கையைத் துணியிலிருந்து எடுக்கவில்லை. "போய்ட்டு வாடா" என்றாள்.