வெட்டிய பைனஸ் குடிக்கும் தண்ணீர்

தெல்தெனியவுக்கு மேலே, தேயிலைத் தோட்டக் குடியிருப்பான லயத்தில், ஊற்றுநீர் கொட்டும் பீலி நூலாய் இளைத்ததற்கு மலைச்சரிவின் பைனஸ் மரங்கள்தான் காரணம் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. சுரேஸுக்கோ ஆத்திரமே இருந்தது. பிரசவத்துக்குப் போன அவன் மனைவி ஜெயராணி, "புள்ளய குளிப்பாட்டத் தண்ணி வந்தா சொல்லுங்க, வர்றேன்" என்று கட்டுகஸ்தோட்டைத் தாய்வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நீரியல் படித்த நிரஞ்சனி மிஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. "மரம் தண்ணி குடிக்கிறது உண்மைதான் தம்பி. ஆனா ஒரேயடியா வெட்டினா மண் கரைஞ்சு தண்ணி கலங்கும். பீலியைச் சுத்தி நிக்கிறதையாவது விடுங்கோ."

"குடிகாரன வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு குடிய நிறுத்த முடியுமா மிஸ்?" என்றான் சுரேஸ். எல்லாரும் சிரித்தார்கள். அனுமதி கிடைத்ததும் ஒன்றுவிடாமல் சாய்த்தார்கள்.

பீலி கொட்டோகொட்டென்று கொட்டியது. ஜெயராணி பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். சுரேஸுக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் தண்ணீர் சிவந்தது. போதாக்குறைக்கு, காற்றே இல்லாத அந்திகளில் மொட்டைச் சரிவிலிருந்து பைனஸ் இரையும் சத்தம் கேட்டது. சுரேஸ் கதவைச் சாத்திக்கொண்டான். முதல் கோடரி போட்டவன் அவன்தானே.

"வெட்டுப்பட்ட மரம் சும்மா விடுமா?" என்றார் பூசாரி பொன்னையா. முனியாண்டிக்குச் சேவல் கொடுக்கப் பீலிக்கரையில் லயமே கூடியது.

பூசை நடுவில் பீலி சட்டென்று நின்றது.

"குடிக்குதுடா!" என்று யாரோ அலறினார்கள். "இன்னொரு சேவல் கொண்டாங்க!" என்றார் பூசாரி.

சுரேஸ் வெட்கத்தை விட்டு நிரஞ்சனிக்குப் போன் போட்டான். "மிஸ், செத்த மரம் தண்ணி குடிக்குமா? கொட்டுற மழையில பீலி நின்னுபோச்சி."

அவள் குரல் மாறியது. "மரமில்லை தம்பி, மலை. உள்ளுக்க மண் அசைஞ்சு ஊற்றுக்கண்ணை அடைச்சிட்டுது. ஐயோ, நானும் தண்ணியை மட்டும்தான் பாத்தன். எல்லாரையும் உடனே அங்கால கொண்டுபோங்கோ!"

"ஓடுங்க! மல எறங்குது!" என்று கத்திக்கொண்டு அவன் கூட்டத்துக்குள் பாய்ந்தான். யாரும் அசையவில்லை. பூசாரி திருநீற்றை அள்ளி அவன் நெற்றியில் அப்பினார்.

"மரம் இவன்மேல வந்திருச்சி. புடிங்கடா!"

நாலு பேர் அவனை அமுக்கினார்கள். சேற்றில் கிடந்தபடியே, "ஜெயராணி, புள்ளய தூக்கிட்டு ஓடு!" என்று அலறினான். அவளும் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, புருஷனின் முகத்துக்குப் பயந்து, பின்னால் பின்னால் நகர்ந்தாள், மலையின் பக்கமாக.