லேசர்க் கண்ணைப் பழக்குதல்

இசையை நேசிக்கும் அனைத்துலகப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு: டெவென்டர் நகரில், ஏப்ரல் மூன்றாம் தேதி, காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு, தியார்ட் ஹாஸ்மா அவர்களின் சிடி பிளேயர் பார்வையை இழந்தது. நகராட்சிக் கொடியை ஏன் அரைக் கம்பத்தில் இறக்கவில்லை என்பது ஹாஸ்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாற்பத்திரண்டு கிலோ. ஸ்விட்சர்லாந்தில் கையால் செய்தது. அதை வாங்குவதற்காக, யூரோ வருவதற்கு முந்தைய கில்டர் நாணயக் காலத்தில் பாய்மரப் படகையே விற்றவர் அவர். என் ரிப்பேர் பட்டறைக்கு அதைத் தூக்கிவர இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். திறந்து பார்த்தேன். டிஸ்க்கைப் படிக்கும் லேசர்க் கண் செத்திருந்தது.

"மாத்திடு ரூல்," என்றார் ஹாஸ்மா என்னிடம், பல்பு மாற்றச் சொல்வதுபோல.

"செஞ்ச கம்பெனியே மூடியாச்சு சார். இந்தக் கண்ணு எங்கயும் கெடைக்காது."

"நேரமில்லப்பா எனக்கு."

அது உண்மை. இடது காது இரண்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. வலது குளிர்காலம்வரைதான் தாங்கும் என்று காது மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குள் தன்னிடமிருந்த நூற்றெண்பது டிஸ்க்குகளையும் தினம் ஒன்றாகக் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட வேண்டும். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

"என்கிட்ட வேற பிளேயர் பத்து கெடக்கு. ஒண்ணை எடுத்துட்டுப் போங்களேன், சும்மாவே தர்றேன்."

"கடைசியா கேக்கப்போறதை அந்த டப்பாவுலயா?"

கூட வந்திருந்த அவர் மனைவி சீட்ஸ்கே பெருமூச்சு விட்டார். "ஒத்தைக் காதுக்கு ஸ்டீரியோ. நல்லா கேட்டுக்கோ ரூல், நான் வாழ்க்கைப்பட்ட லட்சணத்தை."

மூன்று வாரம் தேடினேன். தபாலில் மூன்று 'புத்தம் புதிய' லேசர்கள் வந்தன. முதலாவது போலி, டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் பார்த்தது. இரண்டாவது துடைத்து வைத்த பழசு. மூன்றாவது பெட்டியில் லேசரே இல்லை, நன்றி அட்டை மட்டும் இருந்தது.

பிறகுதான் செத்த கண்ணின் அடியிலிருந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எங்கேயோ பார்த்த எண். பழைய ரிப்பேர் நோட்டுகளைப் புரட்டினேன். சிறு பெண்களுக்காக அந்தக் காலத்தில் விற்ற, மூடியில் ஸ்ட்ராபெரி படம் போட்ட, ரோஸ் நிற ரேடியோ-சிடி பெட்டி. அதற்குள்ளும் இதே கண்தான்.

சொன்னதும் ஹாஸ்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பொய்."

"எண்ணைப் பாருங்க."

"ஸ்விஸ்காரன் அப்படிச் செய்ய மாட்டான்பா."

"செஞ்சிருக்கான் சார். சுத்தி முப்பது கிலோ அலுமினியம் வெச்சு மறைச்சிருக்கான்."

ஏப்ரல் கடைசியில் வரும் மன்னர் தினத்தன்று ஊரே வீட்டுக் குப்பையைத் தெருவில் போர்வை விரித்து விற்கும். ஹாஸ்மா டை கட்டிக்கொண்டு வந்தார். போர்வை போர்வையாக, மண்டியிட்டு மண்டியிட்டு, பொம்மைகளையும் ஒற்றை ஸ்கேட்டுகளையும் விலக்கிப் பார்த்தார். மாலை நான்கு மணிக்கு, ஆரஞ்சு கிரீம் கேக் தின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணின் போர்வையில் ஸ்ட்ராபெரி தென்பட்டது.

"இது பாடுமாம்மா?"

"எங்க வீட்டு பாத்ரூம்ல இருந்தது சார். ஜோரா பாடும். பேத்திக்கா?"

"ஆராய்ச்சிக்கு," என்றார்.

பட்டறையில் அளந்து பார்த்தேன். கண்ணில் உயிர் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். என் கணக்கில் இருநூறு மணி நேரம். நூற்றெண்பது டிஸ்க்குக்குப் போதும். அவரிடம் மணிக் கணக்கெல்லாம் சொல்லிப் பயமுறுத்தாமல், "கொஞ்ச உயிர்தான் பாக்கி, பத்திரம்" என்று மட்டும் சொன்னேன். அது என் தப்பு. மறுநாள் முதல் இரண்டு வாரம் பட்டறைக்கு விடுமுறை, திரும்பி வந்து பொருத்துவதாக ஏற்பாடு. பெட்டி தன்னிடமே இருக்கட்டும் என்று அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மே மாத நடுவில் பெட்டியைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பெருமை.

"முந்நூறு மணி நேரம் பழக்கியாச்சு ரூல்!"

இந்த ஒலிப்பித்தர் கூட்டத்தார் புதிதாக வாங்கிய ஒயரைக்கூட, ஒலி பக்குவப்படட்டும் என்று நாள் கணக்கில் ஓடவிட்டுப் பழக்காமல் அதில் பாட்டுக் கேட்க மாட்டார்கள். அதை எப்படி மறந்தேன்?

"ராத்திரி பகலாவா ஓட்டினீங்க?"

"நிறுத்தவே இல்லை. பாத்ரூம்ல வளர்ந்த கண்ணுப்பா. பொடிசுங்க பாட்டு கேட்டுக் கெட்டுப் போயிருக்கு. அப்படியே என் மெஷினுக்குள்ள விட முடியுமா? வயலின் கச்சேரியா போட்டுத் திருத்தினேன்."

"எங்கயாவது விட்டு விட்டுப் பாடிச்சா?"

"ஒன்பதாவது நாள்லேர்ந்து. அது விட்டுப்போறது இல்லை, மௌனம். மௌனம் ஆழமாயிட்டே வந்துது. கடைசி நாள் பாரு, என்னா ஆழம்!"

"கடைசி நாள் முழுக்க மௌனம்தான்," என்றார் பின்னாலேயே வந்திருந்த சீட்ஸ்கே. "இவர் கண்ணை மூடிட்டு ரசிச்சுட்டிருந்தார்."

கண்ணைக் கழற்றி ஸ்விஸ் எந்திரத்தில் பொருத்தினேன். அவர் பையிலிருந்து முதல் டிஸ்க்கை விளிம்பைப் பிடித்து எடுத்து வைத்தார். தட்டு சத்தமே இல்லாமல் உள்ளே போனது. அந்த ஓட்டத்துக்காகத்தானே அத்தனை விலை. டிஸ்க் சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. நின்றது. திரையில் 'டிஸ்க் இல்லை' என்று நீல எழுத்தில் வந்தது.

"இன்னும் கொஞ்சம் பழகணுமோ?"

"செத்துப் போச்சு சார்."

அவர் வலது காதை என் பக்கம் திருப்பினார். "என்ன சொன்ன?"

திரும்பச் சொன்னேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று எல்லாத் தெருச் சந்தையும் அலைந்தோம். அந்த ரோஸ் பெட்டி இன்னொன்று கிடைக்கவில்லை.

அக்டோபரில் அவருக்கு வலது காதும் போய்விட்டது.