ஐம்பத்தைந்து நிமிடம்

விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் பதினேழு வருடமாக அவனுக்குத் தொழில். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால், திரையைப் பார்க்காமலே சொல்வான். ஒன்றில் மட்டும் கறார். "நடுவுல பிளேன் மாற ரெண்டு மணி நேரமாவது வேணும் சார். அதுக்குக் கீழ நான் போட மாட்டேன்."

அம்மாவின் இதயம் இனி அதிகம் தாங்காது, வரவேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதும், வெளிநாட்டில் இருந்த தங்கைக்கு அவன் ஐம்பத்தைந்து நிமிட இடைவெளியில் டிக்கெட் போட்டான். பதிமூன்றாயிரம் கிலோமீட்டர். முதல் விமானம் எட்டு மணி நேரம், அடுத்தது எட்டரை. நிதானமான வழி ஒன்றும் இருந்தது. அதில் வந்தால் ஐந்து மணி நேரம் பிந்தும்.

வழியில் எதிர்காற்று. விமானம் நாற்பது நிமிடம் தாமதமாக இறங்கியது. தங்கை மூச்சிரைக்க ஓடியும் பலனில்லை.

"கதவ மூடிட்டாங்கண்ணா. கண்ணு முன்னாடி நிக்குது, ஏத்த மாட்டேங்கிறாங்க. அடுத்தது ஒன்பது மணி நேரம் கழிச்சாம்."

"பாப்பா, நீ சீக்கிரம் வரணும்னுதான்..."

"ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவியே, எனக்கு மட்டும் ஏன் இப்படிப் போட்ட?"

அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

மூன்று மணி நேரம் கழித்து நர்ஸ் ஓடி வந்தார். "அம்மா கண்ணு முழிச்சிட்டாங்க, பேசுறாங்க. வாங்க!"

அவன் தங்கையை வீடியோவில் அழைத்து, போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"ஏன்டி மூக்கடைச்ச மாதிரி பேசுற?"

"இங்க ஏசி ஜாஸ்திம்மா."

"எங்க இருக்க?"

"பாதி வழியில. வந்துட்டே இருக்கேன்."

"பதறாம வா. தல சீவாம திரியாத, நாலு பேர் பாக்குற இடம்."

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். பதினோரு நிமிடம் பேசினார்கள். பிறகு அம்மா அசதியாகக் கண்ணை மூடினாள். அடுத்த நான்கு மணி நேரத்தில் போய்விட்டாள்.

அவன் போனில் சொன்னபோது மறுமுனையில் விமான நிலைய அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"இனிமே நான் ஏறணுமாண்ணா?"

"ஏறும்மா. நீ வந்தப்புறம்தான் எடுப்போம்."

ஆஸ்பத்திரிப் படிவங்களில் கையெழுத்துப் போடும்போது அவன் மனம் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. அந்த விமானத்தைப் பிடித்திருந்தால், அம்மா விழித்த நேரத்தில் தங்கை வானத்தில் இருந்திருப்பாள். உயிர் பிரிந்தபோதும் தரையிறங்க ஒன்றரை மணி நேரம் மீதி இருந்திருக்கும். நெஞ்சுப் பாரம் சற்றே இறங்கியது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போது, தாங்காமல் அதைச் சொல்லிவிட்டான்.

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்: "உன் கணக்கு சரியாத்தான் இருக்கும். அம்மா கையப் பிடிக்கலையே நான்."

பத்து நாள் கழித்துத் திரும்பிப் போனாள். டிக்கெட்டை அவளே போட்டுக்கொண்டாள், அவனும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள்.

"இறங்கிட்டேன்."

"சரிம்மா."

இருவருமே உடனே போனை வைக்கவில்லை.