அந்த அரைவட்டம் எதற்கு?

அந்தப் படம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில். சாம்பல் நிறத்தில் ஒரு தட்டு. முட்டை அடுக்கி வருமே, அதே கூழட்டையில் செய்தது. அதில் பெரிதாக ஒரு குழி, வீடியோ கேம் ஆடுகிற கன்சோல் உட்கார. பக்கத்தில் சின்னதாக இன்னொரு குழி, கையில் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலருக்கு. அந்தச் சின்னக் குழியின் கீழ் ஓரத்தில், சரியாக நடுவில், ஓர் அரைவட்டம் கூடுதலாக வெட்டியிருந்தது. இன்னும் வெளிவராத கன்சோலின் பெட்டிக்குள் வைக்கிற தட்டு அது. எந்தப் புண்ணியவானோ படம் எடுத்து இணையத்தில் விட்டுவிட்டான். நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அந்த அரைவட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழி இருந்தால் அங்கே பொருள் புடைத்திருக்க வேண்டும். நடுவில் குழி என்றால் நடுவில் ஒரு கைப்பிடி. இரண்டு கைக்கு இரண்டு கைப்பிடி எல்லா கன்ட்ரோலரிலும் உண்டு. மூன்றாவதாக நடுவில் ஒன்று எதற்கு? ஒரே கையால் பிடிக்கத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் இடது கை மூன்று வருடமாகச் சும்மா தொங்குகிறது. லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். ஒருநாள் மேல்தளத்தில் கயிறு ஓடும் சக்கரத்துக்குள் கை போய்விட்டது. கம்பெனி என்னைக் கைவிடவில்லை. புகார் எண்ணில் உட்கார வைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருப்பதுதான் வேலை. சோறு சாப்பிட, சட்டை போட, பேருந்தில் ஏற எல்லாம் பழகிவிட்டது. கேம் மட்டும் போனது போனதுதான்.

அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். நானும் என் தங்கையும் பத்து வருடம் சேர்ந்து ஆடியவர்கள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பேர், முப்பது வயதாகியும். கடைசியாக ஆடியது ஒரு மலையேறும் ஆட்டம். இரண்டு பேரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஏழாவது கட்டத்தில் ஒரு பனிப்பாலம். அதன் முன்னால் நிறுத்தியபோது, "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன். வியாழக்கிழமை கை போனது. அவள் அதற்குப் பிறகு வேறு யாரோடும் அந்த ஆட்டத்தை ஆடவில்லை. கேட்டால், "நேரமில்ல" என்பாள்.

படம் வந்த அன்று மதியம் ஒருவர் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டார். குரல் நடுங்கியது. பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, "சார் கேம் ஆடுவீங்களா?" என்றேன்.

"ஆடுவேன். எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு தட்டுப் படம் வந்திருக்கே, பாத்தீங்களா?"

அவ்வளவுதான். அரைவட்டத்தில் ஸ்பீக்கர் வரும் என்று அவர் அடித்துச் சொன்னார். கைப்பிடி என்று நான் மறுத்தேன். இருபது நிமிடம் காரசாரமாகப் போனது. மெக்கானிக் போய்க் கதவைத் திறந்ததும், "கொஞ்சம் இருங்கப்பா, பேசிட்டிருக்கேன் இல்ல" என்று அவர் அதட்டியது எனக்கே கேட்டது.

சாயங்காலம் நேரே டாக்டர் கடைக்குப் போனேன். டாக்டர் என்றால் மருந்து எழுதுகிறவர் இல்லை. செல்போனும் கன்சோலும் பழுது பார்க்கிறவர். செத்ததை எல்லாம் பிழைக்க வைப்பதால் அந்தப் பெயர். கூடவே கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார். கன்சோல் பைத்தியம் பிடித்தவர்களில் எங்கள் பக்கத்தில் இந்த மூன்று பேர்தான் தேறுவோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தோம்.

"பேட்டரி" என்றார் டாக்டர். "கழட்டி மாட்டற பேட்டரி. அது புடைச்சிருக்கும், அதுக்குத்தான் இடம். இனிமே கன்ட்ரோலரை உடைச்சுத் திறக்க வேண்டாம்."

"ஒரு கன்ட்ரோலர் மேல இன்னொண்ணை நிறுத்திச் சார்ஜ் போடறதுக்கான கொக்கி அது" என்றார் டீச்சர். அவர் வீட்டில் நாலு பிள்ளைகள், ஒரே ஒரு பிளக்.

அவரவர் வீட்டுக் குறையை அந்த அரைவட்டத்துக்குள் வைத்துப் பார்த்தோம் என்பது இப்போது தெரிகிறது. அன்று எனக்கு என் கைப்பிடி மட்டும்தான் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கி, அளவுகோல் வைத்து, குழி வழக்கமான கன்ட்ரோலர் நீளம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். அரைவட்டம் ஏழு சென்டிமீட்டர் வருகிறது. என் வலது கையை மேசைமேல் வைத்து நாலு விரலை அளந்தேன். ஏழு. டீச்சரிடம் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னேன். அவரும் ஏழு என்றார். அங்கேயே உட்கார்ந்து, 'லிஃப்ட்காரன்' என்ற பெயரில் ஒரு நீளமான பதிவு எழுதினேன். ஒரு கைக்காரர்களுக்காக முதல் தடவையாக ஒரு கம்பெனி யோசித்திருக்கிறது என்று முடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் நாற்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். எங்கெங்கிருந்தோ ஒரு கைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர், "கை போயி எட்டு வருஷமாச்சு அண்ணே, இப்பத்தான் சந்தோஷத்துல தூக்கம் வரல" என்று எழுதியிருந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாப்பிடும்போது பாப்பாவிடம் படத்தையும் என் பதிவையும் நீட்டினேன். அவள் வேலை பார்ப்பதே பெட்டித் தட்டு செய்கிற கம்பெனியில். மிக்சி, கடிகாரம், டம்ளர் என்று எது பெட்டிக்குள் போனாலும் ஆடாமல் உட்கார இடம் வெட்டிக் கொடுப்பாள். வீட்டிலேயே நிபுணரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கேட்டோமே என்றிருந்தது.

"நீ சொல்லு. இந்த அரைவட்டம் எதுக்கு?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "இது எங்க கிடைச்சுது?" என்றாள்.

"எங்கயோ. எதுக்குன்னு சொல்லு."

"தெரியல."

"பத்து வருஷமா தட்டு வெட்டறே, தெரியலையா?"

"தெரியலன்னா தெரியல. நீ எழுதினதுல உன் பேர் போட்டியா?"

"லிஃப்ட்காரன்னு போட்டேன்."

அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "சாப்பிடற பிள்ளைய ஏண்டா நோண்டறே?" என்று அம்மா என்னைத் திட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கு மறுபடி ஆட வழி பிறக்கிறது, இவளுக்கு ஒரு சந்தோஷம் இல்லையே என்று மறுநாள் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கன்சோலை அறிமுகப்படுத்தப் போகிறார்கள். வியாழக்கிழமை அவளாகவே என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, ரொம்ப நம்பிடாதே."

"ஏன்? உனக்கு என்ன தெரியும்?"

வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "சும்மா சொன்னேன்" என்றாள்.

"நல்ல வார்த்தை வந்தாச் சொல்லு, இல்லன்னா போய்த் தூங்கு" என்றேன். சொன்னதும் தப்பு என்று தெரிந்தது. ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை. என் புத்தி அப்படி.

வெள்ளிக்கிழமை டாக்டர் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பெரிய திரையை மாட்டினோம். டீச்சர் விடைத்தாள் கட்டோடு வந்து அதை மடியிலேயே வைத்திருந்தார், ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பாப்பா குனிந்து உள்ளே வந்தாள், வேலை இடத்துச் சட்டையோடு. யாரும் கூப்பிடவில்லை. என் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் கன்சோலைக் காட்டினார்கள். பழைய ஆட்டங்கள் எல்லாம் ஓடும் என்றார்கள். டீச்சர் கை தட்டினார். நானும் தொடையில் தட்டினேன், பனிப்பாலம் பிழைத்தது. பிறகு கன்ட்ரோலர் வந்தது. திரையில் மெதுவாகச் சுற்றியது. இடது பக்கம் ஒரு கைப்பிடி, வலது பக்கம் ஒரு கைப்பிடி. நடுவில் ஒன்றும் இல்லை. வழவழவென்று இருந்தது.

"பேட்டரி உள்ளேயே" என்றார் டாக்டர், செத்த குரலில்.

நாற்பதாயிரம் பேர் கண்முன் வந்தார்கள். அந்த எட்டு வருடத்துக்காரர் வந்தார். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால், பாப்பா என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

மேடையில் நின்ற பெண் பேசிக்கொண்டே போனார். இன்னொரு சின்ன விஷயம் என்று சொல்லி, கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். பிறகு ஒரே கையை அதன்மேல் வைத்து முன்னால் சாய்த்தார். திரையில் வண்டி முன்னால் போனது. பக்கவாட்டில் சாய்த்தார், வண்டி திரும்பியது. இன்னொரு கையில் காப்பிக் கோப்பை. "இனி காப்பி குடித்துக்கொண்டே ஆடலாம்" என்றார். அங்கே கூட்டம் சிரித்தது.

இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் மடியிலிருந்த கட்டு கீழே விழுந்தது.

"கன்ட்ரோலரே குச்சி" என்றார் டாக்டர். "மொத்தக் கன்ட்ரோலரும் இடது கைக் கட்டைவிரல் தள்ளற குச்சியோட வேலையைச் செய்யுது. அடிப்பக்கத்தை உருண்டையா செஞ்சிருக்கான்."

"அதான் ஆடிச்சா" என்றாள் பாப்பா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். "இப்ப வெளிய வந்தாச்சு, பேசலாம். அந்தத் தட்டு நான் வெட்டினது. வெளியாகற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நிஜக் கன்ட்ரோலரை எங்களுக்குக் காட்டவே மாட்டாங்க. அதே அளவு, அதே எடையில ஒரு பிளாஸ்டிக் கட்டை வரும், அவ்வளவுதான். அது அடியில உருண்டையா இருந்துச்சு. தட்டுல உக்காராம ஆடிட்டே இருந்துச்சு. எட்டு மாசம் அதோட மல்லுக்கட்டினேன். எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது."

"அப்ப அரைவட்டம்?" என்றேன்.

"அது கன்ட்ரோலர்ல இல்ல அண்ணா. அது விரல் விடற இடம்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். தினமும் பத்துப் பெட்டி திறக்கிறவர் அவர்.

"பொருளை வெளிய எடுக்க விரல் போகணும் இல்லையா? வழக்கமா ரெண்டு முனையிலயும் ஒண்ணொண்ணு வைப்பாங்க, ரெண்டு கையால தூக்கற மாதிரி. நான் நடுவுல ஒரே ஒண்ணு, ஆழமா வச்சேன். மேனேஜர் ஏன்னு கேட்டாரு. ஒரு கையில போன் பிடிச்சிருக்கறவங்க இருப்பாங்க சார்னு சொன்னேன்." அவள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். "இடது கையை சட்டைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு நூறு தடவை எடுத்துப் பாத்தேன். ஏழு சென்டிமீட்டர் வச்சாத்தான் நாலு விரல் சரியா போகுது."

வேலையில் முன்பின் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். "பாப்பா" என்றேன். அதற்குமேல் வரவில்லை. அவள் என் சட்டையை விட்டுவிட்டு, டீச்சருக்கு விடைத்தாள் பொறுக்கிக் கொடுக்கப் போய்விட்டாள். எட்டு வருடத்துக்காரரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு வார்த்தை இல்லை. இருபது காப்பிக் கோப்பைப் படங்கள் மட்டும் வரிசையாக.

பெட்டி வந்தது இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்து மேசையில் வைத்தேன். இந்த மூன்று வருடத்தில் எந்தப் பெட்டியையும் நான் முழங்காலுக்கு நடுவில் இடுக்காமல் திறந்ததில்லை. சில சமயம் பல்லும் வேண்டியிருக்கும். அம்மா பழக்கத்தில் பிடித்துக்கொள்ள வந்தார். "அம்மா, நீ வா" என்று பாப்பா அவரை இழுத்து நிறுத்தினாள்.

மூடி தானாக வழுக்கி வந்தது. உள்ளே சாம்பல் தட்டு. மனப்பாடமாகத் தெரிந்த தட்டு. அரைவட்டத்துக்குள் விரலை விட்டேன். நாலும் போயின. கன்ட்ரோலர் என் உள்ளங்கையோடு வந்துவிட்டது. பெட்டி ஓர் இம்மி அசையவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பாப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு நின்றாள், தப்பித்தவறிக்கூட உதவிக்கு வந்துவிடாமல்.

"வா" என்றேன். "ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு. பாலத்துக்குப் போகலாம்."