சும்மா போகிறவர்

என் வீட்டுக்காரர் குருபாதம் கோயிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. மற்ற நாட்களில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஹாஜரி போடுவார். ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு ஹாஜரி போடுவார். இரண்டுக்கும் ஒரே முகம்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கடைசி பெஞ்சு, கதவோரம். பாட்டு வந்தால் எழுந்து நிற்பார், உதடு அசையாது. பிரசங்கம் வந்தால் கண் சொருகும். எல்லாம் முடிந்ததும் சபை எழுந்திருப்பதற்குள் வெளியே போய்ப் பீடி பற்றவைத்திருப்பார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் சீண்டுவேன். "இன்னைக்கு என்ன பிரசங்கம்னு சொல்லுங்க பாப்போம்."

"நல்ல பிரசங்கம்."

"எதைப் பத்தி?"

"ஏட்டி ஞானப்பூ, வேதத்தைப் பத்திதான். பின்ன என்ன, ரேசன் அரிசியைப் பத்தியா பேசுவாவ?"

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். இவரைக் குறை சொன்னால் எங்கள் வீட்டு வரிசை முழுக்க என்னைத்தான் ஏசும். ஆனாலும் எனக்கு ஆற்றாமைதான். வீட்டில் தினமும் நான்தான் ஜெபம் பண்ண வேண்டும். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்றால், "நீதான் நல்லா பண்ணுதியே" என்று பாயை விரித்துவிடுவார்.

தாராவியில் எங்கள் ஒற்றை அறைக் கோலிக்கு அடுத்த கோலியில் ஆசீர்வாதம் இருந்தான். சாத்தான்குளம் பக்கத்துப் பையன், தோல் கிடங்கில் வேலை. தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. பேர்தான் ஆசீர்வாதம்; கோயில் இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுக்கமாட்டான். ஒரே ஒருமுறை, சீன யுத்தம் நடந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு, என் நச்சரிப்புத் தாங்காமல் வந்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆராதனை நடுவில் இவர் காதோரம் குனிந்து, "அண்ணாச்சி, இதெல்லாம் நெசமா?" என்று கேட்டிருக்கிறான். "சும்மா உக்காருவே" என்று இவர் அதட்டியிருக்கிறார். அதோடு சரி, அவன் அப்புறம் வரவே இல்லை. இதை ஒரு வேடிக்கையாக என்னிடம் சொல்லி இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஆசீர்வாதத்துக்கு இருமல் வந்தது. அது காசமாகி, ஆஸ்பத்திரியிலும் கைவிரித்துவிட்டார்கள். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இவர் அவன் துணிமணிகளை அலசிப்போட்டார், எச்சில் சட்டியைக் கழுவினார், முகம் சுளிக்கவில்லை. அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். கைவேலை எதைக் கொடுத்தாலும் செய்வார். வாய்வேலைதான் ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயிலிலிருந்து வந்து சாப்பிட உட்காரப்போன நேரத்தில், அடுத்த கோலியிலிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினோம். ஆசீர்வாதத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

"மதினி, எனக்குப் பயமா இருக்கு. ஐயரைக் கூட்டிட்டு வாங்க" என்றான்.

சத்தம் கேட்டு எதிர் வரிசைச் செல்லப்பாண்டியும் வந்து வாசலில் நின்றான். டாக்ஸி ஓட்டுகிறவன். அவன் அப்பா அம்மாவுக்குச் சங்கரன்கோவில்; அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவிதான்.

"ஐயர்தானே அக்கா? நான் இருக்கேன்ல. ஜல்தி கூட்டிட்டு வாறேன்" என்று ஓடினான். இடம் தெரியுமா என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

நல்ல மனசுக்காரன். சொன்னபடி சீக்கிரமே திரும்பியும் வந்தான். டாக்ஸியின் பின்கதவு திறந்தது. பஞ்சகச்சம், குடுமி, நெற்றி நிறைய விபூதி, தோளில் அங்கவஸ்திரம். பிராமணர்கள் குடியிருக்கும் மாட்டுங்காவிலிருந்து புரோகிதர் வேங்கடசுப்ரமணிய வாத்தியாரைக் கையோடு கூட்டி வந்திருந்தான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தாராவியில் பிறந்த செல்லப்பாண்டிக்கு ஐயர் என்றால் மாட்டுங்காதான்.

"லேய், யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?" என்றேன்.

"ஐயரைத்தானேக்கா கேட்டாங்க? உசுரு போற நேரம் சாமின்னு சொல்லி, கால்ல விழாத குறையா கூட்டியாந்திருக்கேன்!"

வேறு சமயமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். எங்கள் ஐயர் காலை ஆராதனை முடிந்ததும் கல்யாண் என்ற ஊரில் இருக்கும் சபைக்குப் போய்விடுவார் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரும் கூடவே போவார். இருவரும் திரும்ப இருட்டிவிடும். பதற்றத்தில் இதை நானே மறந்துபோயிருந்தேன். ஆசீர்வாதம் இருட்டும்வரை தாங்கமாட்டான் என்பது பார்த்தாலே தெரிந்தது.

வாத்தியார் நிலைப்படியில் நின்று, அவன் சுவரில் நான் மாட்டியிருந்த சிலுவையைப் பார்த்தார். பாயில் கிடந்தவனைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"புரிஞ்சுது. நீங்க தேடற ஐயர் நான் இல்லை" என்றார். "ஆனா இவருக்கு நாழி இல்லையே. உங்க பிரார்த்தனை தெரிஞ்சவா இங்க யாரும் இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். ஆனால் ஆசீர்வாதம் என்னைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தான். "அண்ணாச்சி" என்றான்.

வாத்தியாரும் இவர் பக்கம் திரும்பினார். "நீங்க கோவிலுக்குப் போறவர்தானே?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் சும்மா போறவன் சாமி."

"சும்மாவா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "கோவிலுக்கு யாராவது சும்மா போவாளா?"

இதே கேள்வியை நான் இவரிடம் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறேன், சிரித்து மழுப்பிவிடுவார். அன்று மழுப்ப இடமில்லை. கிழியும் துணிபோல ஆசீர்வாதத்தின் மூச்சுச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இவர் வாசலைப் பார்த்தார். வெளியே போய்விடுவாரோ என்று எனக்குப் பதறியது. போயிருந்தால் ஆயுசுக்கும் இவரை மன்னித்திருக்கமாட்டேன்.

போகவில்லை. பாயோரம் முழங்கால் போட்டார். ஆசீர்வாதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"ஐயா, நான் குருபாதம். கடைசி பெஞ்சு."

ஜெபத்தை இப்படி ஆரம்பித்து நான் கேட்டதே இல்லை.

"என்னய உமக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ. எனக்குப் பேசத் தெரியாது. இவன் பேரு ஆசீர்வாதம். தோல் கிடங்குல வேல பாக்கான். ஒருத்தருக்கும் கெடுதல் நெனைக்காதவன். இவனுக்குப் பயமா இருக்காம். அந்தப் பக்கம் இவனுக்கு யாரையும் தெரியாது, நீருதான் வந்து கூட்டிட்டுப் போவணும். வழியில எங்கயும் விட்ராதிரும். அன்னைக்கு இவன் எங்கிட்ட ஒண்ணு கேட்டான். நான் பதில் சொல்லாம அதட்டிட்டேன். அது என் தப்பு, இவன் தப்பு இல்ல. அதை மனசுல வச்சிக்கிடாம இவனைச் சேத்துக்கிடும். ஆமென்."

நான் ஆமென் சொன்னேன். செல்லப்பாண்டியும் சொன்னான். வாத்தியார் நிலைப்படியிலேயே கைகூப்பி நின்றிருந்தார்.

ஆசீர்வாதம் கண்ணைத் திறந்தான். "அண்ணாச்சி, நெசமா?"

சாகப்போகிறவன் கேட்கிறான், ஆமாம் என்று சொல்லிவைப்போம் என்று நினைக்கிற ஆளில்லை இவர். வாயில் பொய் வராது. அது ஆசீர்வாதத்துக்கும் தெரியும். அதனால்தான் என்னை விட்டுவிட்டு இவரைக் கேட்டான்.

"இத்தன நாளும் காதுல கேட்டுட்டு வந்துருவேன்வே. நம்புதேனா இல்லையான்னு யோசிச்சதுகூட இல்ல" என்றார் மெதுவாக. "இப்பப் பேசினேன்லா. அங்கன ஆள் இருக்கு. எனக்குத் தெரிஞ்சிட்டு. நெசம்தான், நான் நம்புதேன்."

"அப்ப இன்னொருக்க ஜெபம் சொல்லும்" என்றான் ஆசீர்வாதம்.

வாத்தியார் கிளம்பினார். குடிக்க ஏதாவது என்று இழுத்தேன். எங்கள் கையால் குடிக்கமாட்டார் என்று எனக்கும் தெரியும். "வேண்டாம்மா, நீங்க அவரைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறினார். தெருமுனை திரும்பும்வரை செல்லப்பாண்டி அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனது எனக்குக் கேட்டது.

இவர் மறுபடியும் ஜெபித்தார். அதன்பிறகும் ஜெபித்தார். வார்த்தை தீர்ந்தபோது ஆசீர்வாதத்தின் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் தாழும் முன்பே அவன் போய்விட்டான். இவர் கையைப் பிடித்தபடியேதான் போனான். அந்தப் பயம் அவன் முகத்தில் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

மறுநாள் ஐயர் வந்து அடக்க ஆராதனை நடத்தினார். நடந்ததையெல்லாம் அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். இவருக்குப் பிடிக்காது என்று தெரிந்துதான் சொன்னேன். அந்த வாரம் முழுக்க இவர் வேலை விட்டு நேரே வீட்டுக்கு வரவில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "ஒரு சோலி இருக்கு" என்பார். நானும் துருவவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் என்னை முந்திக்கொண்டு ஜெபம் பண்ணினார். சோறு ஆறிப்போயிற்று, அவ்வளவு நீளம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இவர் வழக்கம்போல் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார். பிரசங்கம் முடிந்ததும் ஐயர் இவரைப் பார்த்து, "குருபாதம், அடுத்த வாரம் சபையார் ஜெபத்தை நீர் ஏறெடுக்கலாமே. ஒரு வாரம் இருக்கு, யோசிச்சு ஆயத்தப்படும்" என்றார்.

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். ஏன்தான் ஐயரிடம் சொன்னோமோ என்று ஆகிவிட்டது.

இவர் எழுந்தார். "அடுத்த வாரம் எதுக்கு ஐயா?" என்றார். "லேபர் கேம்ப்புக் குடிசையள்ல நம்மாளுவ சொகமில்லாம கெடக்காவ. இந்த வாரம் பூரா நான் போயிப் பாத்துட்டுத்தான் வாறேன். ஐயரைக் கேட்டாவ, நான் இருக்கேன்னு சொல்லிருக்கேன். அவுகளுக்காக இப்பவே பண்ணுதேன்."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்து நின்றார். கடைசி பெஞ்சிலிருந்து அவ்வளவு தூரம் இவர் நடந்து வந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

சபை முழுவதும் கண்ணை மூடிக்கொண்டது. நான் மூடவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு என் புருஷனைக் கண் நிறையப் பார்த்தேன். அதற்குக் கர்த்தர் என்னைக் கோபித்துக்கொள்ளமாட்டார்.